அராவாய் தங்கமும் சிவப்புச் சாட்டினும்

எண் 41/1893
சார்லஸ் தெரு, ஜார்ஜ் டவுன்
21 ஆகஸ்ட் 1893, திங்கட்கிழமை, காலை மணி 6.20

அன்புத் தங்கை கெசியாவுக்கு,

இங்கு நலம். உன் நலம் அறிய ஆவல். உன் சென்ற கடிதத்தில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, ஜூன் 14 என்று பதிவு செய்துகொண்டேன். இனியாவது தேதி இடவும்.

சுங்க அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு அறுபத்தெட்டாம் வயதில் மீண்டும் ஒரு பதவி வந்திருக்கிறது. அராவாய் தங்கக் கம்பெனிக்கு நான் செயலாளர். லண்டனிலிருந்து வந்திருக்கும் மேஜர் ப்ரோதெரோ என்பவர் குயூனி ஆற்றுக்கு மேலே அராவாய் ஓடையில் நிலம் எடுத்திருக்கிறார். இதுவரை இந்த ஆங்கிலேயக் காலனித் தங்கத்தின் பங்குகள் லண்டனில்தான் விலை போயின. இம்முறை நம் ஊர்க்காரர்களே வாங்கலாம். அக்டோபர் 9, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பங்கு விற்பனை தொடங்குகிறது. அதற்கு முன் வெளியிட வேண்டிய அச்சு அறிக்கையின் கீழே என் பெயர் இருக்கும்.

என் பெயர் எதற்கு என்று மேஜரிடமே கேட்டேன். "மிஸ்டர் லாஷ்லி, லண்டன்ல என் பேரைப் பார்த்து வாங்குவாங்க. இங்க உங்க பேரைப் பார்த்தாத்தான் சட்டைப் பைக்குள்ள கை போகும்" என்றார். பெத்தேல் சபையின் அடக்கச் சங்கத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் பொருளாளர். சங்கப் பெட்டியில் இருப்பது இறந்தவர்களைக் கௌரவமாக அடக்கம் செய்வதற்கான பணம். அதைப் பங்கில் போடலாமா என்று சபையில் இப்போதே பேச்சு எழுந்துவிட்டது. ஆகவே எனக்குத் தெரியாத ஒரு வரிகூட அந்த அறிக்கையில் இருக்கக் கூடாது.

உன் கணவர் டேனியல்ஸின் படகு அருவியில் கவிழ்ந்த நாளிலிருந்து நான் ஆற்றில் கால் வைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். நீயோ பர்டிக்காவில், படகுத் துறைக்கு எதிரிலேயே கடை வைத்திருக்கிறாய். சுரங்கங்களிலிருந்து இறங்கும் ஒவ்வொரு படகும் உன் கண்ணில் படாமல் போகாது. அராவாயிலிருந்து ஆட்கள் இறங்கினால் பார்த்து எழுதவும். உள்ளதை மட்டும் எழுதவும்.

உன் அண்ணன்,
மொர்தெகாய் லாஷ்லி


[26 ஆகஸ்ட் 1893, சனிக்கிழமை, மாலை 4.40க்குக் கிடைத்தது. தேதி இல்லை. மொ.லா.]

அண்ணா,

தேதி வேண்டுமா? இன்று மீன் வந்த நாள். போதுமா?

நீங்களும் தங்கத்தில் இறங்கிவிட்டீர்களா! தேநீரில் சர்க்கரை போடுவதற்குள் மூன்று முறை யோசிக்கிற மனிதர்! பக்கத்துக் கடை மிஸஸ் ஃபெர்ராஸிடம் சொன்னேன், கடை அதிரச் சிரித்தாள். "உங்க அண்ணன் பேரு போட்டிருந்தா நானே வாங்குவேன், கெசியா. அந்த மனுஷன் பொய் சொல்லணும்னாலும் முதல்ல விண்ணப்பம் எழுதிப் போடுவாரு" என்றாள்.

மண்ணைப் பார்த்துத் தங்கம் இருக்கிறதா என்று சொல்ல எனக்குத் தெரியாது. இறங்கி வருகிறவனைப் பார்த்தால் தெரியும். பர்டிக்காவில் யாருக்கும் தெரியும். ஓடை கொடுத்திருந்தால் அவன் படகிலிருந்து சேற்றில் கால் வைக்க மாட்டான். கடைக்காரியைக் கூப்பிட்டு இருப்பதிலேயே நல்ல துணியைத் துறையிலிருந்து சாராயக் கடை வரைக்கும் விரிக்கச் சொல்வான். அதன் மேல் வெறுங்காலோடு நடப்பான். பின்னால் பிடில்காரன், மத்தளக்காரன். விலை கேட்க மாட்டான், திரும்பிப் பார்க்க மாட்டான். தரையில் பட்ட துணி கத்தரிக்கோல் வைத்திருக்கிறவளுக்குச் சொந்தம். நாங்கள் எல்லோரும் ஓடிப் போய் வெட்டிக்கொள்வோம். என் கிறிஸ்துமஸ் கவுன் அப்படி வந்ததுதான். ஒருவன் காலடித்தடம் இன்னும் முதுகில் இருக்கிறது.

உங்கள் அராவாயிலிருந்து இதுவரை யாரும் இறங்கவில்லை. இறங்கினால் எழுதுகிறேன். நீங்களே வந்து பார்த்தாலும் ஆறு உங்களை விழுங்கிவிடாது.

கெசியா


[16 செப்டம்பர் 1893, சனிக்கிழமை, மாலை 5.05க்குக் கிடைத்தது. தேதி இல்லை. மேற்புறத்தில் எண்ணெய்க் கறை. மொ.லா.]

அண்ணா,

இறங்கினார்கள்! நாலு பேர், புதன்கிழமை மத்தியானம், அராவாய்க் கொடி கட்டிய படகில். முன்னால் நின்றது பிஷப். ஞானஸ்நானம் எடுத்தானா என்பதே சந்தேகம், ஆனால் காட்டில் அவனுக்கு அந்தப் பெயர்தான். துறையிலிருந்தே கத்தினான்: "கெசியாக்கா! உன் கடையில இருக்கிறதுலயே பளபளன்னு எது இருக்கோ அதை எடு! பிஷப் கால் சேத்துல படக் கூடாது!"

மூன்று வருஷமாக அலமாரியில் தூங்கிய சிவப்புச் சாட்டின் முழுச் சுருளையும் விரித்தேன். பிடில், மத்தளம், நாலு பேரும் சுருட்டுப் புகையோடு ராஜா மாதிரி நடந்தார்கள். பிஷப் சுருட்டை நழுவவிட்டு நல்ல துணியில் ஒரு ஓட்டையும் போட்டுவிட்டான். ஊர் முழுக்க வந்து நின்றது. நீராவிப் படகில் வந்த உங்கள் பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நாங்கள் கத்தரிக்கோலோடு பாய்ந்தால், அந்த நாலு பேரில் கடைசி ஆள் துணியைப் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்! மிஸஸ் ஃபெர்ராஸ் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். "தங்கம் எடுத்த கையா இது? எச்சில் கையால ஈ ஓட்ட மாட்டான் போலிருக்கே!"

எப்படியோ, என் சாட்டினுக்குக் கேட்ட விலை கிடைத்தது. இத்துடன் டேனியல்ஸின் படகை விற்ற பணத்தை அனுப்பியிருக்கிறேன். எனக்கும் பங்கு எடுத்து வையுங்கள். அவரைக் கொன்ற ஆறு ஒரு முறையாவது எனக்குக் கொடுக்கட்டும்.

கெசியா


எண் 44/1893
சார்லஸ் தெரு, ஜார்ஜ் டவுன்
18 செப்டம்பர் 1893, திங்கட்கிழமை, காலை மணி 7.10

அன்புத் தங்கை கெசியாவுக்கு,

உன் கடிதமும் பணமும் கிடைத்தன. உன் கடிதத்தின் இரண்டாம் பத்தியை மேஜருக்கும் இயக்குநர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். துணியைச் சுருட்டிய ஆள் பற்றிய மூன்றாம் பத்தி விஷயத்துக்குத் தேவையற்றது என்பதால் விட்டுவிட்டேன். பத்திரிகையிலும் செய்தி வந்துவிட்டது. ஆயினும் பத்திரிகையை நம்பி நான் கையெழுத்திடுபவன் அல்லன். என் சொந்தத் தங்கை கண்ணால் கண்டு எழுதியதை நம்பி, "மேற்படி ஓடையிலிருந்து இறங்கிய தொழிலாளர்களின் செழிப்பு பர்டிக்காவில் நேரில் காணப்பட்டது" என்ற வரியை அறிக்கையில் சேர்த்தேன். சனிக்கிழமைக்குள் அச்சாகிவிடும்.

நேற்று ஆராதனை முடிந்ததும் அடக்கச் சங்கம் கூடியது. பெட்டியிலுள்ள பணத்தில் பெரும்பகுதியைப் பங்கில் இடுவதென்று முடிவாயிற்று. ஸ்டாப்ரோக் சந்தையில் தேங்காய் மிட்டாய் விற்கும் மிஸ் டொர்காஸ் எழுந்து நின்றார். அவருக்கு வயது எண்பத்தொன்று. "அடிமையாப் பொறந்தவ நான். அநாதைப் பிணம் ஏத்துற பரிஷ் வண்டியில போட்டு இழுத்துட்டுப் போயி பொதுக் குழியில தள்ளக் கூடாதுன்னுதான் வாரா வாரம் காசு கட்டினேன். இப்ப கேக்கறேன், எனக்கு ரெண்டு கருப்புக் குதிரை பூட்டின வண்டி வேணும். பெட்டிக்குப் பித்தளைக் கைப்பிடி வேணும். மொர்தெகாய் கையெழுத்துப் போட்டிருக்கான்ல, போடுங்க பணத்தை!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நேற்று முதல் மனம் ஒரு நிலையில் இல்லை. மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
மொர்தெகாய் லாஷ்லி


[30 செப்டம்பர் 1893, சனிக்கிழமை, மாலை 4.30க்குக் கிடைத்தது. தேதி இல்லை. மொ.லா.]

அண்ணா,

இதை உட்கார்ந்து வாசியுங்கள்.

நேற்று மறுபடியும் அராவாய்ப் படகு வந்தது. வேறு ஆட்கள், ஐந்து பேர். இந்த முறை ஃபெர்ராஸ் கடையிலிருந்து துறை வரைக்கும் சிவப்புச் சாட்டின். அதே பிடில். மிஸஸ் ஃபெர்ராஸிடம், "நீ எப்போ சாட்டின் வாங்கினே?" என்று கேட்டேன். "நான் எங்கடி வாங்கினேன்? அவனுங்களே கொண்டு வந்தானுங்க. விரிக்க இடம் மட்டும் கேட்டானுங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஃபெர்ராஸ் கடைப் படிக்குப் பக்கத்தில் சுருட்டுச் சுட்ட ஓட்டை. என் கட்டைவிரல் போகிற அளவு. என் துணி, அண்ணா. துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடியும் விரித்திருக்கிறார்கள்.

தங்கம் கண்டவன் துணியைத் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று நான்தான் எழுதினேன். சுருட்டிக்கொண்டு போனதைப் பார்த்துச் சிரித்தவளும் நான்தான். சாட்டின் விற்ற சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. அறிக்கையில் என் கண்ணை நம்பி எழுதிய அந்த வரியை எடுத்துவிடுங்கள். பெட்டியைத் திறக்காதீர்கள். பொறாமையில் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால், என் பணமும் அதில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கெசியா


எண் 46/1893
சார்லஸ் தெரு, ஜார்ஜ் டவுன்
2 அக்டோபர் 1893, திங்கட்கிழமை, காலை மணி 5.50

அன்புத் தங்கை கெசியாவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். என் பதிலைக் கோபப்படாமல் படிக்கவும்.

முதலாவது, சுருட்டு பிடிப்பவர்கள் நிறைந்த ஊரில் துணியில் ஓட்டை விழுவது அரிதன்று. இரண்டாவது, சிவப்புச் சாட்டின் உன் கடையில் மட்டும் விற்பதன்று. மூன்றாவது, சிக்கனம் குற்றமாகாது. தங்கம் கிடைத்த ஒருவன் துணியைப் பத்திரப்படுத்தினால் அவன் ஜார்ஜ் டவுனில் வளர்ந்தவனாக இருக்கலாம். இக்காரணங்களை நான் எழுதியிருக்கிறேனே தவிர, எழுதி முடித்தபின் எனக்கே அவை பிடிக்கவில்லை.

அறிக்கை அச்சாகிவிட்டது. அதை வாங்கிச் சென்றவர்கள் மீன்காரியிலிருந்து பள்ளி ஆசிரியர் வரை எல்லோரும் என்னைத் தெருவில் நிறுத்திக் கை குலுக்குகிறார்கள். ஓர் ஓட்டையைக் காரணம் காட்டி நான் பின்வாங்கினால், கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்பார்கள். உறுதியான ஒன்று வேண்டும், கெசியா. ஊகம் போதாது. அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குப் பெட்டி திறக்கப்படும். அதற்கு முன் உன்னிடமிருந்து வரக்கூடிய படகு சனிக்கிழமைப் படகு ஒன்றுதான்.

உன் அண்ணன்,
மொர்தெகாய் லாஷ்லி


[7 அக்டோபர் 1893, சனிக்கிழமை, மாலை 6.15க்குப் படகுத் துறையில் நானே நின்று பெற்றுக்கொண்டேன். தேதி இல்லை. மொ.லா.]

அண்ணா,

சிக்கனமாம்!

வியாழக்கிழமை மூன்றாம் முறையாக விரித்தார்கள். மறுபடியும் பிஷப். நான் சும்மா நிற்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராகத் துணியின் மேல் ஏறினேன். ஓட்டையைச் சுற்றி வெட்ட ஆரம்பித்தேன். ஊர் வழக்கம், யாரும் தடுக்க முடியாது. பிஷப் பிடில்காரனைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, வெட்டாதேக்கா! உன் கால்ல விழறேன், வெட்டாதே!"

"தரையில பட்ட துணிடா. உனக்கு என்ன?"

"மேஜருக்குக் கணக்கு சொல்லணும்க்கா! போன தடவை ஒரு முழம் குறைஞ்சதுக்கே கூலில பிடிச்சிட்டாரு!"

ஊரே கேட்டது. பிடில் நின்றுவிட்டது. அப்புறம் அவனை உட்கார வைத்து ரொட்டியும் கருவாடும் கொடுத்தேன். அராவாயில் என்னடா இருக்கிறது என்று கேட்டேன். "தெரியாதுக்கா. அருவி வரைக்கும் போவோம், கொடி கட்டிக்கிட்டுத் திரும்பி வருவோம். ஓடையை நான் கண்ணால பார்த்ததே இல்லை" என்றான். தின்றுகொண்டே அழுதான்.

வெட்டிய துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கட்டைவிரலை விட்டுப் பாருங்கள்.

கெசியா


எண் 48/1893
சார்லஸ் தெரு, ஜார்ஜ் டவுன்
20 அக்டோபர் 1893, வெள்ளிக்கிழமை, காலை மணி 6.05

அன்புத் தங்கை கெசியாவுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் மேஜர் தங்கியிருந்த ஹோட்டலுக்குச் சென்றேன். துணித் துண்டை மேசைமேல் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "மிஸ்டர் லாஷ்லி, நாடகம் பார்க்கப் போறவன் திரைச்சீலைக்கு யார் காசு கொடுத்தாங்கன்னு கேப்பானா? தங்கம் அங்க இருக்கு. தோண்டப் பணம் வேணும். பணம் வரணும்னா ஜனங்க கண்ணுக்கு ஏதாவது காட்டணும்" என்றார். தங்கம் இருப்பது உமக்குத் தெரியுமா என்று கேட்டேன். "இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. அதுவே என்னை வாட்டுகிறது. தெரியாததற்குக் கீழே என் பெயர் இருக்கக் கூடாது என்று கூறி, ராஜிநாமாவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அச்சடித்த அறிக்கையைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கே வாட்டர் தெருவில் கம்பெனி வாசலில், மையும் பேனாவுமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். வருபவர்களின் அறிக்கையை வாங்கி, என் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, "இதில் எனக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பத்தேகால் மணிக்குள் ஒரு வதந்தி கிளம்பியது. நான் கோடு போட்ட பிரதிகளுக்குத்தான் முதலில் பங்கு கிடைக்குமாம். "ஐயா, எனக்கும் ஒரு கோடு!" என்று வரிசையில் நின்றார்கள். "கோடு இல்லாததை உள்ள வாங்க மாட்டாங்களாமே!" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்து நின்று உரக்கப் பேசினேன். யாருக்கும் கேட்கவில்லை. நண்பகலுக்குள் பங்குகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன.

சங்கப் பணம் மட்டும் போகவில்லை. சங்கப் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி. ஒன்று மூப்பரிடம், ஒன்று மிஸ் டொர்காஸிடம், ஒன்று பொருளாளரிடம். மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும். அன்று காலை நான் என் சாவியோடு செல்லவில்லை.

அதன் பிறகுதான் விபரீதம். பங்கின் விலை ஏறத் தொடங்கியது. ஐந்து டாலர் பங்கை ஒரே வாரத்தில் எட்டுக்குக் கேட்கிறார்கள். 17ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சங்கம் அவசரமாகக் கூடியது. உன் துணித் துண்டைக் காட்டினேன். பிஷப் சொன்னதைச் சொன்னேன். மூப்பர் கேட்டோ ஹைண்ட்ஸ், "எட்டு டாலருக்கு விக்கிற பொருளை ஒரு கந்தல் துணியைக் காட்டி வேணாங்கறாரு இந்த மனுஷன்" என்றார். மிஸ் டொர்காஸ் என் அருகில் வந்து நின்றார். "மொர்தெகாய், உன் பென்ஷன்ல உனக்குக் குதிரை வரும். எனக்கு எதுல வரும்?" என்று கேட்டார். வாக்கெடுப்பில் என்னைப் பொருளாளர் பதவியிலிருந்து நீக்கினார்கள். எனக்கு எதிராக முதலில் உயர்ந்தது அவர் கை. வரும் 23ஆம் தேதி திங்கட்கிழமை நான் சாவியைப் புதிய பொருளாளரிடம் ஒப்படைக்க வேண்டும். மறுநாள் எட்டு டாலர் விலையில் பங்கு வாங்குவார்கள்.

கெசியா, சுங்க அலுவலகத்தில் நாற்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றினேன். விதியை மீறிய ஒரு காகிதம்கூட என் மேசையைத் தாண்டியதில்லை. இப்போது விதிப்படி செய்தால் அந்தப் பெட்டி காலியாகும். ஆகவே என் சாவியை இத்துடன் உனக்கு அனுப்புகிறேன். திங்கட்கிழமை கேட்பவர்களிடம், அது ஆற்றுக்கு மேலே இருக்கிறது என்று உண்மையைச் சொல்வேன். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். திருடன் என்பார்கள். வழக்குத் தொடுத்தாலும் தொடுப்பார்கள். பூட்டை உடைக்க மாட்டார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுதலை கிடைத்த ஆண்டில், கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் முதல் கூலியில் செய்த பெட்டி அது. அதன்மேல் உளி வைக்கும் துணிவு பெத்தேலில் எவருக்கும் வராது.

இடையில் யாராவது இறந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பெரும் கவலையாக இருந்தது. அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். என் சவப்பெட்டிக்காக வாங்கிக் கட்டிலின் கீழ் வைத்திருந்த பலகைகளை நேற்றுத் தச்சரிடம் அனுப்பினேன். முதலில் தேவைப்படுபவருக்கு அது. பித்தளைக் கைப்பிடி பொருத்தச் சொல்லியிருக்கிறேன். அளவு மிஸ் டொர்காஸின் அளவாகக் கொடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. நேற்று மாலை சந்தையில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிட்டாய் வாங்கினேன். காசைக் கையில் வாங்காமல், "தட்டுல வை" என்றார்.

நான் செய்தது சரிதானா என்று ஒரு மணிக்கு ஒரு தரம் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். அராவாயில் தங்கம் இருந்துவிட்டால், இந்த ஏழைகளின் குதிரைகளை அவிழ்த்துவிட்டவன் நான்தான். ஆகவே உனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். துறையைப் பார்த்துக்கொண்டிரு. என்றாவது அராவாயிலிருந்து இறங்கும் ஒருவன், துணியை விரித்து, நடந்து, திரும்பிப் பார்க்காமல் சேற்றிலேயே விட்டுப் போனால், அதில் உனக்கு வேண்டியதை வெட்டிக்கொண்டு, அடுத்த படகிலேயே சாவியை அனுப்பிவிடு. அன்று நானே பெட்டியின் முன் மண்டியிட்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பேன். அதுவரை அது உன் கழுத்தில் இருக்கட்டும். கடையில் வைக்காதே.

பதில் எழுதும்போது தேதி இடவும்.

உன் அண்ணன்,
மொர்தெகாய் லாஷ்லி

இணைப்புகள்:
1. பங்குக்காக நீ அனுப்பிய பணம், முழுவதும். கம்பெனியில் கட்டவில்லை.
2. அராவாய் தங்கக் கம்பெனியின் அச்சு அறிக்கை, ஒரு பிரதி. என் பெயர் அடிக்கப்பட்டது.
3. சிவப்புச் சாட்டின் துண்டு, ஓட்டையுடன். உன் கடைச் சொத்து என்பதால் திருப்பி அனுப்பப்படுகிறது.
4. தேங்காய் மிட்டாய், ஒரு பொட்டலம். மிஸ் டொர்காஸ் செய்தது.
5. சாவி ஒன்று.